கைக்கடிதமும் மின்னஞ்சலும் அஞ்சலின் எதிர்காலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்னஞ்சல் வந்ததால்தான் மக்கள் கடிதம் எழுதுவதை விட்டார்களா?

ஓரளவுக்கு மட்டுமே. அமெரிக்கக் கணினிப் பொறியாளர் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காட்டியது 1971-ல். ஆனால் அது பொதுமக்களின் கைக்கு வந்து சேர 1990-களின் நடுப்பகுதி ஆயிற்று. உறவினருக்கும் நண்பருக்கும் எழுதும் சொந்தக் கடிதமோ அதற்கு வெகு முன்பே மெலியத் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வீடு தொலைபேசி வந்து, வெளியூர் அழைப்புக் கட்டணமும் குறைந்தபின், "நலம், நலமறிய ஆவல்" என்று எழுதிவிட்டு இரண்டு வாரம் பதிலுக்குக் காத்திருக்கும் தேவை பெரும்பாலோருக்கு இல்லாமல் போயிற்று.

மின்னஞ்சலும் இணையமும் பிற்பாடு எடுத்துக்கொண்டவை வேறு வகை அஞ்சல்கள். மின்கட்டண ரசீது, வங்கிக் கணக்கு விவரம், காப்பீட்டு நினைவூட்டல், வரி அறிவிப்பு, நிறுவனங்களுக்கு இடையிலான கடிதப் போக்குவரத்து ஆகியவைதான் நெடுங்காலமாகத் தபால்காரரின் பையை நிரப்பி வந்தன. கையால் எழுதிய கடிதம் அந்தப் பையில் எப்போதோ சிறுபான்மையாகிவிட்டது. அலுவலகக் கடிதங்கள் ஈட்டித் தந்த வருவாயில்தான் பாட்டி பேரனுக்கு எழுதிய கடிதமும் குறைந்த கட்டணத்தில் வாசல்வரை வந்தது. ஆகவே இன்று கைக்கடிதத்துக்கு வந்திருக்கும் நெருக்கடி, அதை எழுதுவோர் குறைந்ததால் மட்டும் வந்ததன்று. அதைச் சுமந்து வந்த ரசீதுகள் அஞ்சலை விட்டு வெளியேறியதால் வந்தது. அஞ்சலின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான் என்று கருதுகிறேன்.

கடிதங்களின் எண்ணிக்கை உண்மையில் எவ்வளவு குறைந்திருக்கிறது?

அமெரிக்காவில் முதல்வகுப்பு அஞ்சல், அதாவது கடிதம், ரசீது போன்றவை செல்லும் வகை, 2001-ல் உச்சத்தைத் தொட்டது. அந்த ஆண்டில் சுமார் 10,370 கோடி உருப்படிகள் அனுப்பப்பட்டன. 2023-ல் அது ஏறத்தாழ 4,600 கோடி. பிரிட்டனில் 2004-05-ல் 2,000 கோடியாக இருந்த கடிதங்கள், இருபது ஆண்டுகளுக்குள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கின. டென்மார்க்கின் வீழ்ச்சி இன்னும் செங்குத்தானது: 2000-ல் 140 கோடி, 2024-ல் 11 கோடி.

டென்மார்க்கில் கடிதப் பட்டுவாடாவே நின்றுவிட்டது என்கிறார்களே?

அங்கே அரசு அஞ்சல் நிறுவனம்தான் கடிதத்தைக் கைவிட்டது. 1624-ல் தொடங்கிய அஞ்சல் மரபின் வாரிசான போஸ்ட்நார்டு, 2025 டிசம்பர் இறுதியோடு கடிதப் பட்டுவாடாவை நிறுத்திக்கொண்டு பார்சல்களை மட்டும் கையாள்கிறது. நாட்டில் எஞ்சியிருந்த சுமார் 1,500 சிவப்பு அஞ்சல் பெட்டிகளை அகற்றும் வேலை அந்த ஆண்டின் நடுவிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் கடிதம் அனுப்பும் வழி அடியோடு அடைபடவில்லை. டாவோ என்னும் தனியார் நிறுவனம் கடிதங்களைத் தொடர்ந்து எடுத்துச் செல்கிறது.

இந்த முடிவு திடீரென்று வந்ததன்று. 2014 நவம்பர் முதல் டென்மார்க் மக்கள் அரசுக் கடிதங்களை மின்னணு அஞ்சல் பெட்டியில்தான் பெற வேண்டும் என்று சட்டம் செய்யப்பட்டது. இயலாதவர்கள் விலக்குப் பெறலாம். அதன்பின் 2024-ல் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சல் சட்டம், நாட்டின் எல்லா முகவரிகளுக்கும் கடிதம் கொண்டு சேர்க்கும் கட்டாயக் கடமையை நீக்கியது. அரசே தன் கடிதங்களை அஞ்சல் பையிலிருந்து எடுத்துவிட்டால் மிச்சமுள்ள கடிதங்களைச் சுமக்க ஆளிருக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கடிதங்கள் குறைந்தால் செலவும் குறைய வேண்டுமே? அஞ்சல் கட்டணம் ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

அஞ்சலின் செலவில் பெரும்பங்கு, கடிதத்தின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று, வழியைப் பொறுத்தது. ஒரு தெருவில் நூறு வீடுகள் இருந்து, அவற்றில் எண்பது வீட்டுக்குக் கடிதம் வந்தாலும் எட்டு வீட்டுக்கு வந்தாலும், தபால்காரர் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தே ஆக வேண்டும். அவருடைய ஊதியமும் வண்டிச் செலவும் பிரித்தனுப்பும் நிலையத்தின் வாடகையும் பெரிதாக மாறுவதில்லை. முன்பு எண்பது கடிதங்கள் பகிர்ந்துகொண்ட செலவை இப்போது எட்டுக் கடிதங்கள் சுமக்கின்றன. கட்டணம் ஏறுகிறது, ஏறியதால் இன்னும் சிலர் அஞ்சலை விடுகிறார்கள், அதனால் மீண்டும் ஏறுகிறது. பிரிட்டனில் முதல்வகுப்பு அஞ்சல் தலை 2020-ல் 76 பென்சாக இருந்தது. 2025-ல் ஒரு பவுண்டு 70 பென்ஸ்.

கட்டணத்தை ஏற்ற முடியாதபோது பட்டுவாடா நாட்களைக் குறைக்கிறார்கள். பிரிட்டனில் 2025 ஜூலை இறுதியிலிருந்து கட்டணம் குறைந்த இரண்டாம் வகுப்புக் கடிதங்களை ஒன்றுவிட்டு ஒரு வேலைநாளில் கொண்டு சேர்க்க அனுமதி கொடுக்கப்பட்டது. ஜெர்மனியின் புதிய அஞ்சல் சட்டம், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கடிதங்கள் மூன்றாம் வேலைநாளுக்குள் சேர்ந்தால் போதும் என்று வரம்பைத் தளர்த்தியது. கட்டணத்தை ஓயாமல் ஏற்றுவதைவிட இந்த வழியே மேல் என்பது என் கருத்து. அவசரமானவை எல்லாம் மின்னஞ்சலுக்கும் தொலைபேசிக்கும் போய்விட்ட நிலையில், கடிதம் ஒருநாள் தாமதமாக வருவதால் இழப்பு சிறிது. கட்டணம் எட்டாத உயரத்துக்குப் போவதால் வரும் இழப்போ பெரிது.

குறைந்த கட்டணம் மக்களை எழுத வைக்கும் என்பதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. 1840-க்கு முன் பிரிட்டனில் தூரத்துக்கும் தாள்களின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கட்டணம் கணக்கிடப்பட்டது. அதைப் பெரும்பாலும் பெறுபவரே கட்ட வேண்டியிருந்தது. அஞ்சல் சீர்திருத்தக்காரர் ரோலண்ட் ஹில் முன்வைத்த திட்டப்படி, எவ்வளவு தூரமானாலும் அரை அவுன்சுக்கு ஒரு பென்னி, அதையும் அனுப்புபவரே முன்கூட்டிச் செலுத்தலாம் என்று ஆனபோது, ஒரே ஆண்டில் கடிதங்கள் இரு மடங்குக்கு மேல் பெருகின.

கையால் எழுதிய கடிதத்துக்கு உண்மையிலேயே தனிச்சிறப்பு உண்டா, அல்லது இது பழையதன்மீது உள்ள ஏக்கம்தானா?

ஏக்கம் கலந்திருக்கிறது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் சில வேறுபாடுகள் எஞ்சி நிற்கின்றன.

மின்னஞ்சலில் எழுதியதை எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்துத் திருத்தலாம். படிப்பவருக்கு அந்தத் தடம் எதுவும் தெரியாது. தாளில் பேனாவால் எழுதும்போது வாக்கியம் எப்படி முடியும் என்பதை ஓரளவு நினைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் அதுவும் சேர்ந்தே போகிறது. எழுதியவர் எங்கே தயங்கினார், எங்கே விரைந்தார், எந்தச் சொல்லை எழுதிவிட்டு அடித்தார் என்பதெல்லாம் படிப்பவருக்குப் புலப்படுகிறது. இன்னொன்று, கடிதம் உடனடிப் பதிலை எதிர்பார்ப்பதில்லை. எழுதியவருக்கும் படிப்பவருக்கும் இடையே சில நாட்கள் கழிகின்றன. அந்த இடைவெளி கோபத்தைத் தணிக்கவும் சொன்னதை எண்ணிப் பார்க்கவும் இடம் தருகிறது.

இங்கிலாந்தின் வடக்கே, ஹேட்ரியன் சுவருக்கு அருகிலுள்ள விண்டோலாண்டா என்ற உரோமானியக் கோட்டையில் 1970-களிலிருந்து மெல்லிய மர ஏடுகள் கிடைத்து வருகின்றன. அவற்றில் ஒன்று, ஏறத்தாழ கி.பி. 100-ல் கிளாடியா செவரா என்ற பெண் தன் தோழியைப் பிறந்தநாளுக்கு அழைத்து எழுதிய கடிதம். பெரும்பகுதியை எழுத்தர் ஒருவர் நேர்த்தியாக எழுதியிருக்கிறார். கடைசியில் அன்பு சொல்லி விடைபெறும் வரிகளை மட்டும் செவரா தன் கைப்பட, சற்றுத் தடுமாறிய எழுத்தில் சேர்த்திருக்கிறார். செய்தியைச் சொல்ல எழுத்தரே போதுமானவராக இருந்தும், அந்த வரிகளுக்குத் தன் கை வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். கைக்கடிதம் செய்யக்கூடியது எது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கடிதத்தைத்தான்.

கையால் எழுதுவது நினைவாற்றலுக்கு நல்லது என்பது நிரூபிக்கப்பட்டதா?

2014-ல் வெளிவந்து பரவலாகப் பேசப்பட்ட ஓர் ஆய்வு, மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்களைவிடக் கையால் குறிப்பெடுத்தவர்கள் பொருளை நன்கு உள்வாங்கினர் என்றது. சில ஆண்டுகளுக்குப் பின் வேறு ஆய்வாளர்கள் அதையே மீண்டும் செய்து பார்த்தபோது, முடிவு அதே உறுதியோடு கிடைக்கவில்லை. மேலும், அது வகுப்பறைக் குறிப்பைப் பற்றிய ஆய்வு, கடிதத்தைப் பற்றியதன்று. கடிதம் எழுதுவதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கும்போது இதை ஆதாரமாக நீட்ட வேண்டியதில்லை.

எது நீண்ட காலம் நிலைக்கும்: தாளா, மின்னஞ்சலா?

பலரும் எதிர்பார்ப்பதற்கு மாறாக, கவனிப்பாரற்றுக் கிடந்தால் தாளே பெரும்பாலும் வெல்கிறது. நெதர்லாந்தின் ஹேக் நகரில், பதினேழாம் நூற்றாண்டின் அஞ்சல் அதிகாரி ஒருவர் சேர்த்து வைத்த பெட்டியில், உரியவரிடம் போய்ச் சேராத சுமார் 2,600 கடிதங்கள் இருக்கின்றன. அக்காலத்தில் பெறுபவரே கட்டணம் செலுத்த வேண்டும் என்பதால், பணம் வரக்கூடும் என்ற நம்பிக்கையில் அவர் அவற்றை எறியாமல் வைத்திருந்தார். பல கடிதங்கள் உறையின்றி, தாளையே சிக்கலாக மடித்துப் பூட்டியவை. 2021-ல் ஆய்வாளர்கள் அவற்றுள் ஒன்றை எக்ஸ்-கதிர் வருடல் மூலம், மடிப்பைப் பிரிக்காமலேயே படித்துக் காட்டினர். லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில், 1758-ல் பிடிபட்ட கலத்தே என்ற பிரெஞ்சுக் கப்பலின் மாலுமிகளுக்கு வீட்டிலிருந்து எழுதப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள், இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரிக்கப்படாமலே கிடந்து அண்மையில்தான் திறக்கப்பட்டன. மனைவியரும் தாய்மாரும் எழுதிய அக்கடிதங்களை, அவை யாருக்காக எழுதப்பட்டனவோ அந்த மாலுமிகள் பார்க்கவே இல்லை.

மின்னஞ்சலை இப்படிக் கவனிக்காமல் விட முடியாது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. கணக்கு உரியவர் காலமாகி, கடவுச்சொல் யாருக்கும் தெரியாமல் போனால், அவருடைய முப்பது ஆண்டுக் கடிதப் போக்குவரத்து குடும்பத்துக்குக் கிடைக்காமலே போகலாம். 1986-ல் பிரிட்டனில் லேசர் வட்டுகளில் பெருமுயற்சியோடு தொகுக்கப்பட்ட, நாட்டு மக்களின் வாழ்க்கையைப் பதிவு செய்த டோம்ஸ்டே திட்டத்தின் தகவல்களை, பதினைந்தே ஆண்டுகளில் படிக்கக் கருவி தேடி அலைய வேண்டியிருந்தது.

தாளுக்கும் குறை உண்டு. நெருப்பும் வெள்ளமும் கரையானும் ஒரே நாளில் எல்லாவற்றையும் அழித்துவிடும். பெரும்பாலும் வேறு படி இருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின் மரக்கூழிலிருந்து செய்யப்பட்ட மலிவான தாள்கள் அமிலத்தால் பழுப்பேறி நொறுங்குகின்றன. ஆகையால் காக்க வேண்டிய கடிதத்தைத் தாளாகவும் வைத்துக்கொண்டு, படமெடுத்தும் சேமிப்பதே விவேகம்.

எது அந்தரங்கத்தைக் காக்கிறது?

ஒட்டிய உறையைப் பிறர் பிரிப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம். பிரித்தால் அடையாளமும் தெரிந்துவிடும். சாதாரண மின்னஞ்சலோ அனுப்புபவரின் சேவையகத்திலும் பெறுபவரின் சேவையகத்திலும் அந்த நிறுவனங்கள் வாசிக்கக்கூடிய வடிவிலேயே தங்குகிறது. அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி செய்தியை மறையாக்கம் செய்யும் பிஜிபி என்ற மென்பொருள் 1991-லேயே வந்துவிட்டது என்றாலும், அமைக்கச் சிரமமாக இருப்பதால் பொதுமக்களிடம் பரவவில்லை. இதனோடு, உலக மின்னஞ்சல் போக்குவரத்தில் ஏறத்தாழ பாதி வேண்டாத குப்பை அஞ்சல். அதில் கலந்து வரும் மோசடிகளும் ஏராளம்.

ஆனால் கடிதத்தின் அந்தரங்கமும் முழுமையானதன்று. போர்க்காலங்களில் தணிக்கையாளர்கள் கோடிக்கணக்கான கடிதங்களைப் பிரித்துப் படித்திருக்கிறார்கள். இன்றும் பிரித்தனுப்பும் இயந்திரங்கள் உறையின் வெளிப்புறத்தைப் படமெடுக்கின்றன. அமெரிக்காவில் அப்படங்கள் விசாரணைகளுக்கும் பயன்பட்டது 2013-ல் வெளியே வந்தது.

சட்டத்தின் முன் மின்னஞ்சலுக்கு மதிப்பு உண்டா?

உண்டு. மின்னணு வடிவில் இருப்பதாலேயே ஓர் ஆவணத்தைச் செல்லாததாக்கக் கூடாது என்ற கொள்கையை ஐக்கிய நாடுகள் அவையின் வணிகச் சட்ட ஆணையம் 1996-ல் மாதிரிச் சட்டமாக வெளியிட்டது. பல நாடுகள் அதன் வழியில் சட்டம் செய்தன. பதிவு அஞ்சலுக்கு இணையான மின்னணுப் பட்டுவாடாச் சேவைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி விதிகளே உள்ளன. எனினும், உயில் போன்ற சிலவற்றுக்குப் பல நாடுகள் தாளையும் நேரடிக் கையொப்பத்தையும் இன்னும் கேட்கின்றன. ஒரு கடிதம் போய்ச் சேர்ந்ததை மெய்ப்பிக்க வேண்டியிருந்தால், கையொப்பமிட்டுத் திரும்பி வரும் ஒப்புகை அட்டை, "நான் பார்க்கவில்லை" என்று எளிதில் சொல்லிவிடக்கூடிய சாதாரண மின்னஞ்சலைவிட வலுவானது.

எனக்கு வந்த கடிதத்தை நான் வெளியிடலாமா?

தாள் உங்களுடையது, அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருடையது. கவிஞர் அலெக்சாண்டர் போப், தம் கடிதங்களை அனுமதியின்றி அச்சிட்ட எட்மண்ட் கர்ல் என்ற பதிப்பாளர்மீது தொடுத்த வழக்கில், 1741-ல் இங்கிலாந்து நீதிமன்றம் இந்த வேறுபாட்டை நிலைநாட்டியது. இன்று பெரும்பாலான நாடுகளின் சட்டமும் இதையே சொல்கிறது. மின்னஞ்சலுக்கும் இது பொருந்தும். எழுதியவரிடமோ அவருடைய வாரிசுகளிடமோ கேட்டபின் வெளியிடுவதே முறை.

அஞ்சல் துறைகளே மின்னஞ்சலைத் தங்கள் கையில் எடுத்திருக்கலாமே?

முயன்றார்கள். அமெரிக்க அஞ்சல் துறை 1982-ல் ஈ-காம் என்ற சேவையைத் தொடங்கியது. நிறுவனங்கள் கணினி வழியே செய்தியை அனுப்பினால், உரிய ஊருக்கு அருகிலுள்ள அஞ்சலகம் அதை அச்சிட்டு, உறையிலிட்டு, வீட்டுக்குக் கொண்டு சேர்க்கும். 1985-ல் அது மூடப்பட்டது. கட்டுப்பாடுகள் அதிகம், ஒவ்வொரு கடிதத்திலும் நட்டம், அனுப்பியவர்களோ சிலரே. ஆனால் யோசனை பிழையானதன்று. இரண்டாம் உலகப் போரில் இராணுவத்தினரின் கடிதங்களை நுண்படச் சுருளாக்கி விமானத்தில் அனுப்பி, சேருமிடத்தில் மீண்டும் தாளில் அச்சிட்டுக் கொடுத்த ஏற்பாடும் இதே வகைதான். இன்றும் பல நாடுகளின் அஞ்சல் துறைகள் வங்கிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் இத்தகைய கலப்பு அஞ்சலை நடத்துகின்றன.

என் கையெழுத்து நன்றாக இராது. முகவரியை இயந்திரம் படிக்குமா?

பெரும்பாலும் படித்துவிடும். அமெரிக்காவில் 1990-களில், இயந்திரத்துக்குப் புரியாத முகவரிகளின் படத்தைத் திரையில் பார்த்து மனிதர்கள் தட்டச்சு செய்து கொடுக்க 55 நிலையங்கள் இருந்தன. இயந்திரங்கள் கையெழுத்தைப் படிக்கத் தேறத் தேற அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆயினும் முகவரியைப் பிரித்துப் பிரித்து, குறியீட்டு எண்ணைத் தெளிவாக எழுதுங்கள். உள்ளே இருக்கும் எழுத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பெறுபவர் பொறுமையோடு எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்வார்.

பார்சல்கள் அஞ்சலைக் காப்பாற்றிவிடுமா?

அஞ்சல் நிறுவனங்களைக் காப்பாற்றலாம். கடிதத்தைக் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. இணைய வணிகத்தால் பார்சல்கள் பெருகியிருப்பது உண்மை. ஆனால் அந்தத் துறையில் தனியார் கூரியர் நிறுவனங்களின் போட்டி கடுமையானது. அவை இலாபம் தரும் நகரங்களைத் தேர்ந்துகொண்டு, தொலைவிலுள்ள சிற்றூர்களை அஞ்சல் துறைக்கு விட்டுவிடுகின்றன. தபால்காரர் நடந்துபோகும் வழி பார்சல் வண்டியின் வழியாக மாறும்போது கடிதம் எப்படி ஓரங்கட்டப்படும் என்பதை டென்மார்க் காட்டிவிட்டது.

எல்லாம் மின்னணுவாகிவிட்டால் யாருக்கு என்ன இழப்பு?

பார்வை மங்கிய முதியவர், கணினி வாங்க வசதியில்லாதவர், இணையம் சரிவர எட்டாத இடத்தில் வாழ்பவர், சிறையில் இருப்பவர், நிலையான தொலைபேசி எண் இல்லாதவர் ஆகியோர் முதலில் இழப்பார்கள். இவர்களுக்கு ஓய்வூதிய அறிவிப்பும் மருத்துவமனைச் சந்திப்பு நாளும் நீதிமன்ற அழைப்பாணையும் தாளில் வந்தால்தான் உண்டு. பிறரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துப் படிக்கச் சொல்லும் நிலை வந்தால், அவர்களுடைய அந்தரங்கமும் தற்சார்பும் சேர்ந்தே போகும்.

1874-ல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள், உலகை ஒரே அஞ்சல் ஆட்சிப்பரப்பாகக் கருதுவோம் என்று உடன்பட்டு, இன்று உலக அஞ்சல் ஒன்றியம் என வழங்கும் அமைப்பை உருவாக்கின. 192 நாடுகள் அதில் உறுப்பினர். பார்வையற்றோருக்கான அஞ்சலுக்குக் கட்டண விலக்கு என்ற விதியையும் அந்த ஒன்றியம் காத்து வருகிறது. எவரும் எவருக்கும் எழுதலாம், வழியிலுள்ள நாடுகள் அதைக் கொண்டு சேர்க்கும் என்ற இந்த உடன்பாடு மனித இனம் செய்துகொண்ட மிகச் சிறந்த ஏற்பாடுகளில் ஒன்று என்று நம்புகிறேன். இலாப நட்டக் கணக்கை மட்டும் பார்த்து அதை விட்டுவிடக் கூடாது. சாலைக்கும் நூலகத்துக்கும் பொதுப்பணம் செலவிடுவது போலவே, குறைந்தது வாரத்துக்கு இரண்டு மூன்று நாட்களாவது எல்லா வாசல்களுக்கும் கடிதம் போய்ச் சேரப் பொதுப்பணத்திலிருந்து ஒதுக்குவதே நியாயம்.

எனக்குக் கடிதம் எழுத விருப்பம். ஆனால் பதில் எழுதுவார் யாருமில்லை. என்ன செய்யலாம்?

2005-ல் போர்ச்சுகலில் தொடங்கப்பட்ட போஸ்ட்கிராசிங் என்ற இணையத்தளம் மூலம், முன்பின் அறியாத ஒருவருக்கு அஞ்சலட்டை அனுப்பினால் வேறொருவரிடமிருந்து உங்களுக்கு ஒன்று வரும். ஆயினும் தெரிந்தவருக்கு எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன். பதிலை எதிர்பார்க்கவில்லை என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிட்டால், பெறுபவருக்கு அது கடனாகத் தோன்றாது. பதில் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ வந்தாலும் வரட்டும்.

எதை மின்னஞ்சலில் அனுப்புவது, எதைக் கடிதமாக எழுதுவது?

நாள், நேரம், இணைப்புக் கோப்பு, உடனே பதில் வேண்டிய கேள்வி, பலருக்கு ஒருசேரச் சொல்ல வேண்டியது எல்லாவற்றுக்கும் மின்னஞ்சலே தக்கது. அதில் தயக்கம் வேண்டாம். இரங்கல், நன்றி, மன்னிப்பு, நீண்ட பிரிவுக்குப்பின் தொடர்பைப் புதுப்பித்தல், பிள்ளைகளுக்கு அவர்கள் வளர்ந்தபின் படிக்க வேண்டியவை ஆகியவற்றைக் கையால் எழுதலாம்.

பல பத்தாண்டுகள் கழித்தும் படிக்கும்படி கடிதத்தை எப்படி எழுதுவது?

அமிலம் நீக்கிய தாளும் நீரில் கரையாத நிறமி மையும் நல்லது. அவை கிடைக்காவிட்டால் பென்சில்கூடப் போதும், கரி எளிதில் மங்காது. குண்டூசியோ உலோகப் பிடியோ தாளில் வேண்டாம், துருப்பிடிக்கும். மடித்த கடிதத்தை அடிக்கடி பிரித்து மடிக்காமல், விரித்தபடி உலர்ந்த, இருளான இடத்தில் வையுங்கள். உறையை எறிய வேண்டாம். அதிலுள்ள முத்திரை ஊரையும் நாளையும் சொல்லும். கடிதத்தில் வரும் மனிதர்களை "அவன்", "பெரியவர்" என்று மட்டும் குறிக்காமல் ஒருமுறையாவது முழுப்பெயரை எழுதுங்கள். எழுதியவருக்கும் பெற்றவருக்கும் தெரிந்த பெயர் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. தேதியில் நாளையும் மாதத்தையும் போட்டுவிட்டு ஆண்டை விட்டுவிடுவது பலருக்கும் பழக்கம். ஆவணக் காப்பகங்களில் வேலை செய்வோரை மிகுதியாகத் திணறடிக்கும் குறைகளுள் அதுவும் ஒன்று. ஆகவே ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.